அந்தப் பெயரை ஏன் நீக்கினீர்கள்? கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொகுதித் தலைவர் அவர்களுக்கும், வேட்பாளர் பட்டியலை முடிவு செய்யும் மாநிலக் குழுவினருக்கும்,

எங்கள் கிளை அனுப்பிய பட்டியலில் முதலில் இருந்தது, ஓய்வு பெற்ற ஒரு சுகாதாரத் தாதியின் பெயர். தொகுதிக் கூட்டம் முடிந்து மேலிடத்துக்குப் போன பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. எழுந்து காரணம் கேட்டேன். "அவங்க நல்லவங்கதான். ஆனா பிரஷர் பார்க்கிறவங்க சட்டமன்றத்துல போய் என்ன பேசப் போறாங்க?" என்று மேடையில் இருந்தே பதில் வந்தது. சிலர் சிரித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, தேர்தல் நேரத்து இலவச மருத்துவ முகாமுக்கு அவரைப் பொறுப்பாளராக நியமித்திருப்பதாக ஒரு கடிதம் வந்தது. கிளை மகளிர் பகுதிச் செயலாளர் என்ற முறையில் நான்தான் அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்து ஹிலிர் பேராக் மாவட்டத்தில், செம்பனைக்கு நடுவே இருக்கும் எங்கள் பட்டணத்தில் மிஸியக்கா என்றால் அது ஒருவர்தான். மிஸி என்றால் எங்கள் பேச்சில் தாதி.

அவர் சட்டமன்றத்தில் என்ன பேசுவார் என்று கேட்டீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் எங்கள் லயத்து வாசலில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், என்ன பேசினார் என்பதைச் சொல்கிறேன். அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

என் அம்மா தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடித்தவர். காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டு முடிந்ததும் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு போவார். மத்தியானம் திரும்பும்போது உடம்பெல்லாம் அந்த வாடை அடிக்கும். விரல் நகங்கள் வெளுத்து, உடைந்து, சில சமயம் கழன்றே விடும். மூக்கில் ரத்தம் வரும். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரிடம் போனால் களிம்பும் இரண்டு மாத்திரையும் கிடைக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். அப்போது கிளினிக் டேசா என்ற கிராமச் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் தாதி மிஸியக்கா. அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல. "நீங்க அடிக்கிற டின்னுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மறுநாள் அவரே ஸ்டோர் வாசலுக்குப் போய் லேபிளைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மருந்தடித்த துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, கைகழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னார். எத்தனை பெண்கள் மருந்தடிக்கிறார்கள், யாருக்கு என்ன தொல்லை, எத்தனை பேருக்குக் கையுறை கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினார். தோட்ட நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. உன் வேலை பிரசவம் பார்ப்பது என்று அவரிடம் சொன்னார்களாம். உங்கள் கூட்டத்தில் கேட்டதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்.

அந்த மருந்து பாராகுவாட். அதைத் தடை செய்வதாக நம் அரசு 2002-ல் அறிவித்தது. 2006-ல் அந்த முடிவைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான். பெண்கள் உரிமை அமைப்பான தெனாகானித்தாவின் ஐரின் பெர்னாண்டஸ் போன்றவர்கள் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை நாடறியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தத் தடையைப் பார்க்காமலேயே 2014-ல் காலமானார். அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவே ஏறக்குறைய பதினெட்டு வருஷம். அந்தப் பதினெட்டு வருஷத்தில் நமக்காகச் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனவர்கள் கோயில் நிலம் பற்றிப் பேசினார்கள், தமிழ்ப்பள்ளி மானியம் பற்றிப் பேசினார்கள். அவையும் வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் அம்மாவின் நகத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒருவர் கிடைக்கவில்லை. அதைத் தன் கண்ணால் பார்த்து, நோட்டில் எழுதி வைத்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் ஒரு வருஷமாவது முன்னால் நடந்திருக்காதா? எனக்குத் தீராத ஆற்றாமை இது.

இன்னொன்று. அப்போதெல்லாம் பிள்ளைத்தாச்சிப் பெண்கள் கிளினிக்குக்குச் சரியாக வருவதில்லை என்று அதிகாரிகள் குறைப்படுவார்கள். அறியாமை என்பார்கள். மிஸியக்கா அப்படிச் சொல்லவில்லை. கிளினிக் திறக்கும் நேரமும் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நேரமும் ஒன்றாக இருந்ததைக் கவனித்தார். கிளினிக்குக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். யார் வருவார்கள்? அவர் தராசையும் பிரஷர் கருவியையும் தூக்கிக்கொண்டு, பால் நிறுக்கும் நேரத்தில் கொட்டகைக்கே வந்தார். வரிசையில் நிற்கும்போதே வயிற்றுப் பிள்ளைக்காரிகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார். மேலே இருந்து யாரும் சொல்லி அவர் இதைச் செய்யவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தொடர்ந்து வயிற்றுப்போக்கு. மேல் லயத்தில் ஒன்றுமில்லை. அவர் மருந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு லயத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கீழ்த்தொட்டியின் மூடி உடைந்து கிடந்தது. தொட்டியைக் கழுவி மூடி போட வைத்தார். நோய் நின்றது.

தலைவர் அவர்களே, ஒரு நோயாளியிடம் ஆரம்பித்து, தொட்டி வரைக்கும் போய், அதற்குப் பொறுப்பானவர் யார் என்று கண்டுபிடித்து, அவரைச் செய்ய வைப்பது. சட்டமன்ற உறுப்பினரின் வேலை இதைத் தவிர வேறு என்ன? இந்த நாட்டில் பொதுச் சுகாதாரம் என்பதே இப்படித்தான் தொடங்கியது. 1901-ல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், மலேரியாவை மாத்திரையால் மட்டும் விரட்டவில்லை. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் சொல்லி அரசாங்கத்தோடு வாதாடினார், வெட்ட வைத்தார். காய்ச்சல் குறைந்தது. பிறகு தோட்டங்களிலும் அந்த முறை பரவியது. நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் காய்ச்சலில் செத்த மண் இது. அவர்களின் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருப்பதற்கு அந்த வடிகால்களும் ஒரு காரணம்.

கூட்டத்தில் ஒருவர், சுகாதாரம் மத்திய அரசின் பொறுப்பு, மாநிலச் சட்டமன்றத்தில் அதற்கு என்ன வேலை என்றும் கேட்டார். அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையும் மருந்தும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன, சரி. ஆனால் பொதுச் சுகாதாரம், துப்புரவு, நோய்த் தடுப்பு, வடிகால் எல்லாம் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். எங்கள் தாமான் குடியிருப்பில் மழைக்கு நிரம்பும் சாக்கடை, கொசு, தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்கு எந்த நிலத்தில் வீடு என்ற கேள்வி எல்லாமே மாநிலத்தில்தான் வந்து நிற்கின்றன. பிரஷர் பார்க்கிறவர் பேச வேண்டிய இடம் அதுதான்.

நம்மவர்களில் இதற்கு முன்னுதாரணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலெட்சுமி ரெட்டியைப் பற்றி நம் தமிழ்ப்பள்ளிகளில் மேடை போட்டுப் பேசுகிறோம். முதல் பெண் டாக்டர்களில் ஒருவர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் சட்டமன்றத்தில் என்ன செய்தார் என்பதுதான் இப்போது உங்களுக்கு வேண்டியது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். பெண்கள், குழந்தைகள் நோய் பற்றிக் கூடுதலாகப் படிக்க இங்கிலாந்து போய் வந்தவர். சென்னைச் சட்டமன்றத்துக்கு ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று மாதர் சங்கத்தினர் முயன்றபோது அவர் பெயரைத்தான் முன்வைத்தார்கள். தன் வைத்தியத் தொழில் கெடுமே என்று அவர் முதலில் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். 1927-ல் உள்ளே போனார், அந்த அவையே அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

உள்ளே போய் எதைப் பேசினார் என்று பாருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். குழந்தை மணத்துக்கு எதிராகப் பேசினார். சின்ன வயதில் பிள்ளை பெற்றுச் சாகிற பெண்களை மருத்துவமனையில் கண்ணால் பார்த்தவர் அவர், யாரோ எழுதிக் கொடுத்த பேச்சைப் படிக்கவில்லை. தேவதாசி முறையை ஒழிக்கப் பழமைவாதிகளை எதிர்த்து நின்றார். காந்தி கைதானபோது 1930-ல் பதவியை விட்டு வெளியேறினார். மூன்று, நான்கு வருஷம்தான் அந்த நாற்காலி. ஆனால் அவர் தொடங்கி வைத்த தேவதாசி ஒழிப்பு 1947-ல் சட்டமாயிற்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை விடாமல் சுமந்து, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்க வைத்தார். இன்றும் தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகைத் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவரை அன்றைக்கு, "அம்மா, நீங்க நல்லாப் பிரசவம் பார்க்கிறீங்க, அதையே பாருங்க" என்று வெளியிலேயே நிறுத்தியிருந்தால்?

அது இந்தியா, இது மலேசியா என்பீர்கள். சரி, இங்கேயே வாருங்கள். 1952-ல் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் பங்சாரில் நின்று ஜெயித்த தேவகி கிருஷ்ணன், மலாயாவில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் பெண். அவர் ஒரு தமிழ்ப்பெண். ராணி ஜான்சி படையில் துப்பாக்கி பிடித்த ஜானகி ஆதி நாகப்பன், போருக்குப் பிறகு இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார். பட்டினியும் நோயுமாகக் கிடந்த நம் மக்கள் மத்தியில் அந்தக் குழு சேவை செய்தது 1946-ல். அதே காலத்தில் இங்கே இந்தியர்களுக்கு ஓர் அரசியல் கட்சி உருவானபோதும் அவர் உடனிருந்தார். பின்னாளில் நாடாளுமன்ற மேலவையிலும் உட்கார்ந்தார். நம் அரசியல் பிறந்த வீட்டிலேயே மருந்துப் பெட்டியும் பெண்களும் இருந்திருக்கிறார்கள்.

தேவகி அம்மா வந்த வழி இன்று கிடையாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஊராட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பி வரவில்லை. ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒரு பெண், தன் வட்டாரத்தில் நின்று, ஜெயித்து, படிப்படியாக மேலே வருகிற பாதை அத்தோடு அடைபட்டது. இன்று நகராண்மைக் கழக உறுப்பினரும் நியமனம், செனட்டர்களில் பெரும்பாலோரும் நியமனம், சட்டமன்ற வேட்பாளரோ உங்கள் மேசையில் முடிவாகிறார். ஆக, மிஸியக்கா போன்றவருக்கு உள்ள ஒரே கதவு உங்கள் கையில் இருக்கும் அந்தப் பட்டியல்தான். அதிலிருந்து ஒரு பெயரை எடுக்கும்போது நீங்கள் எடுப்பது ஒரு பெயரை மட்டுமல்ல, எங்கள் ஊர்ப் பெண்கள் மேலே வர மிச்சமிருக்கும் ஒரே வழியையும்தான். 2022 பொதுத் தேர்தலில் 222 நாடாளுமன்ற இடங்களில் பெண்கள் ஜெயித்தது 30. முப்பது விழுக்காடு என்று மேடைகளில் எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்! பாதிகூட வரவில்லை.

டாக்டர் படித்தவர்களை வேட்பாளராக நிறுத்த நம் கட்சிகள் தயங்கியதில்லை. செகாமட் தொகுதியில் ஜெயித்த தோல் மருத்துவர் டத்தோஸ்ரீ சுப்பிரமணியம் 2013 முதல் 2018 வரை சுகாதார அமைச்சராகவே இருந்தார். பக்கத்துத் தொகுதியான செகிஜாங்கில் ஜெயித்த டாக்டர் ஜலிஹா முஸ்தபா 2022 டிசம்பரில் அதே பொறுப்புக்கு வந்தார். அவர்களிடம் யாரும் "ஊசி போடுகிறவர் என்ன பேசுவார்" என்று கேட்கவில்லை. தாதி என்றால் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? டாக்டர் பட்டம் இல்லை என்பதாலா? தோட்டத்தில் பிறந்தவர் என்பதாலா? பதில் எதுவாக இருந்தாலும் எங்களிடம் நேராகச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் ஊர் இருக்கிற நிலையையும் சொல்லிவிடுகிறேன். தோட்டம் கைமாறியது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, டிரெஸ்ஸர் அறை மூடியாயிற்று. லயத்தில் இருந்தவர்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டோம். தோட்டத்தில் இன்று வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியர்களும் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. ரசாயனம் கையாளுகிறவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஒழுங்குமுறை வந்துவிட்டது. தோட்டத்து வீடு, பிள்ளைக் காப்பகம், சுகாதார வசதி பற்றி 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, வந்து பார்க்கிறவர்தான் இல்லை.

எங்களுக்கு வேறு நோய். 2019-ல் அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களிடம்தான் அது மற்ற எல்லாரையும்விட அதிகம். எங்கள் தெருவில் கால் எடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தெலுக் இந்தான் போக வேண்டும். பஸ்ஸை நம்பிப் போக முடியாது, வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டாது. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மிஸியக்கா தன் பழைய மைவி காரில் யாரையாவது ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். ஒரு தனி மனுஷி எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போக முடியும்? டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வேன் வேண்டும் என்று மாநில வரவு செலவுத் திட்டத்தின்போது எழுந்து கேட்க வேண்டியவர் அவர். தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கூடாரத்துக்குள் பிரஷர் பார்த்து, கட்சிப் பையில் அரிசி கொடுத்து அனுப்புகிற முகாமுக்கு அவரைப் பொறுப்பாளராக்குவது அவருக்கு மரியாதை ஆகாது. எங்களுக்கும் ஆகாது.

அவரிடம் பணம் இல்லை, மேடைப் பேச்சு வராது, கட்சிக்குப் புதியவர் என்று அப்புறம் சிலர் தனியாக என்னிடம் சொன்னார்கள். பணம் இல்லைதான். அரசு ஊழியராக இருந்தவரைக்கும் அவர் கட்சி வேலைக்கு வரவில்லை, அதனால் புதியவர்தான். பேச்சு வராது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோட்டத்து மேனேஜரிடம் மலாயிலும், கிராணியிடம் ஆங்கிலத்திலும், எங்கள் பாட்டிமார்களிடம் தமிழிலும் வாதாடி ஜெயித்தவர் அவர்.

ஆகவே கேட்கிறேன். எங்கள் கிளை ஏகமனதாக அனுப்பிய பெயரை மாநிலக் குழுவின் பட்டியலில் திரும்பச் சேருங்கள். குழு அவரை நேரில் அழைத்து அரை மணி நேரமாவது பேசட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், காரணத்தை எழுத்தில் கிளைக்குத் தாருங்கள். மேடையில் சொன்ன பதிலைக் காரணமாக நாங்கள் ஏற்கவில்லை. சொன்னவர் அதை அடுத்த தொகுதிக் கூட்டத்தில், குறிப்பேட்டில் பதிவாகும்படி திரும்பப் பெற வேண்டும்.

பெண்களுக்கு இடம் கொடுப்பதாக இருந்தால், தோற்கும் என்று தெரிந்த தொகுதியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஜெயிக்கக்கூடிய இடம் கொடுங்கள். நகராண்மைக் கழக நியமனங்கள் அடுத்து வரும்போது, ஒவ்வொரு தோட்டப் பட்டணத்திலிருந்தும் பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் பெயராவது கட்சியின் பரிந்துரையில் இருக்க வேண்டும்.

தேர்தல் அறிக்கையின் சுகாதாரப் பகுதியை எழுதும் குழுவில் மிஸியக்காவை உட்கார வையுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போக்குவரத்து, மருந்தடிக்கும் தொழிலாளர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் அவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை, வேலை முடிந்து வருகிறவர்களுக்காகக் கிளினிக்கில் மாலை நேரம். இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

மருத்துவ முகாம் கடிதத்தை இந்த மடலோடு உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். வேட்பாளர் பட்டியல் இறுதியாவதற்கு முன் எங்கள் கிளைக்குப் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால், எங்கள் மகளிர் பகுதியில் ஒருவரும் இந்தத் தேர்தலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போக மாட்டோம் என்று கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அந்த முடிவில் கையெழுத்திட்டவர்களின் பட்டியலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கிளை மகளிர் பகுதிச் செயலாளர்